மச்சான் இழுத்த ஒயர்

துணை மின்நிலையத்தில் சுவிட்ச் போடுகிறவர் அவர். தெருவில் அவருக்கு ‘இருட்டு மாமா’ என்று பேர். கரண்ட் திருட்டு அதிகமுள்ள தெருவுக்கு அதிக நேரம் நிறுத்தினால் ஜனங்கள் திருந்திவிடுவார்கள் என்று மேலே யாரோ ஒரு மகராசன் சட்டம் போட்டிருந்தான். ஒருத்தரும் திருந்தவில்லை. கரண்ட் வந்த நேரத்தில் கம்பியில் கொக்கி போட்டு இரட்டிப்பாக இழுத்தார்கள். நிறுத்தும் நேரமும் நீண்டுகொண்டே போனது. ஒழுங்காகப் பில் கட்டுகிற அவர் வீடும் சேர்ந்தே வெந்தது.

அன்று மத்தியானமும் தன் தெருவைத் தன் கையாலேயே அணைத்துவிட்டுச் சாப்பிட வந்தார். வீட்டில் ஃபேன் ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது.

“ஏதுடி கரண்ட்டு?”

“அடுத்த தெருக் கம்பத்துலேர்ந்து எங்கண்ணன் இழுத்துக் குடுத்தான். நமக்கு மட்டுமில்ல, வரிசையா எல்லா வீட்டுக்கும்தான்.”

“அந்தத் தெரு ஒண்ணுதான்டி இன்னும் ஒழுங்கா இருக்கு! அங்கயும் திருட்டு ஏறினா, அதையும் நான்தான் அணைக்கணும்.”

“அணைக்கும்போது பாத்துக்கலாம். சட்டையக் கழட்டிட்டு உக்காருங்க.”

கழுத்தில் வியர்வை வழிந்தது. ஒயரைப் பிடுங்கப் போன கை, சட்டைப் பொத்தானுக்குத் திரும்பியது.