வெள்ளெலியின் கண்ணுக்குப் பின்னால்

வயல்வெளியில் வளையில் வாழும் வெள்ளெலியின் விழிக்குழிக்குள், கண்ணை ஒட்டியபடி ஒரு சுரப்பி இருக்கிறது. கண்ணீர்ச் சுரப்பி வேறு, இது வேறு. அந்தத் துளித் திசுவை மெழுகில் பதித்து, மெல்லிய ஏடுகளாகச் சீவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. தருமபுரியில் ஒரு கல்லூரியில் செய்துகொண்டிருந்தேன்.

செத்த எலி உதவாது. உயிர் போன சிறிது நேரத்தில் செல்கள் சிதைய ஆரம்பித்துவிடும். அதனால் உயிரோடு வேண்டும். கம்பைநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் பிடித்து வருவார். ஐம்பது வயதிருக்கும். கடலைக்காட்டு வரப்புகளில் வளை தோண்டி எலி பிடிப்பது அவருக்குத் தொழில். ஓட்டை போட்ட தகர டின்னில் அடைத்து பஸ்ஸில் கொண்டுவருவார்.

ஒருமுறை டின்னைத் திறந்தபோது எலிகளின் கண்ணைச் சுற்றிச் சிவப்பாக அப்பியிருந்தது.

"ரத்தமா அழுவுதுங்க மேடம்" என்றார்.

ரத்தமில்லை, அந்தச் சுரப்பியின் நிறமி, பயந்தாலோ பட்டினி கிடந்தாலோ அதிகமாக வழியும் என்றேன். சுரப்பியின் ஸ்லைடு ஒன்றைக் காட்டினேன். வளையம் வளையமாகச் செல்கள், நடுவே பழுப்புத் திட்டுகள். வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"அப்ப, நான் டின்னுல அடைச்சு கொண்டாரதுனாலதானுங்களா?"

"அதுவும் இருக்கலாங்க."

அதன்பிறகு டின்னுக்குள் வைக்கோலும் தின்னக் கொஞ்சம் கம்புத் தானியமும் போட்டுக் கொண்டுவந்தார். நானோ அவை வந்த ஒரு மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் கொன்றுவிடுவேன்.

ஐப்பசியில் என் ஆய்வு வழிகாட்டி இன்னும் ஆறு மாதிரிகள் கேட்டார். நான் போன் செய்தேன்.

"மழ பேஞ்சு வளையெல்லாம் ஊறிக் கெடக்குதுங்க. ரெண்டு நாளு போவட்டுங்களே."

"வெள்ளிக்கிழமைக்குள்ள வேணுங்க. எல்லாம் தயாரா வெச்சிருக்கேன்."

சரி என்றார்.

சனிக்கிழமை காலை அவர் மனைவி டின்னோடு ஆய்வகத்துக்கு வந்தார். அவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"இத மேடங்கிட்ட குடுத்துரச் சொன்னாரு. நல்ல பாம்பு கையில கடிச்சிருச்சுங்க. பெரியாஸ்பத்திரியில கெடக்குறாரு."

வழக்கமாகப் புகை போட்டு, வெகுநேரம் காத்திருந்த பிறகே வளைக்குள் கை விடுவாராம். ஈர வைக்கோல் பற்றவில்லை. ஐந்து எலி கிடைத்துவிட்டது, இன்னும் ஒன்றுதானே என்று கையை விட்டிருக்கிறார்.

டின்னில் ஒன்று செத்துக் கிடந்தது. மற்ற நான்கையும் கொன்று, சுரப்பிகளை எடுத்து, கரைசலில் போட்டுவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இதை வேறு மாதிரி எழுத இத்தனை நாளும் முயன்றிருக்கிறேன். முடியவில்லை.

மூச்சுக் குழாய் போட்டிருந்தார்கள். இமைகள் தூக்க முடியாமல் சரிந்திருந்தன. வலது கை முழங்கை வரை வீங்கிக் கறுத்திருந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் அழுகிப்போன மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். அதன்பின் அவரால் கடப்பாரை பிடிக்க முடியவில்லை.

அந்த நான்கு எலிகளும் பயன்படவில்லை. ரொம்ப நேரம் அடைபட்டுக் கிடந்ததால் சுரப்பி இயல்பாக இல்லை என்று வழிகாட்டி ஒதுக்கிவிட்டார்.

போன வருஷம் காரிமங்கலம் சந்தையில் அவரைப் பார்த்தேன். மாங்கூழ் கம்பெனியில் வாட்ச்மேனாக இருக்கிறாராம். காய்கறிப் பையை இடது கையில் வைத்திருந்தார். வருஷக்கணக்கில் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அன்னிக்கி நான் அவசரப்படுத்தாம இருந்திருந்தா, உங்களுக்கு இப்படி ஆயிருக்காதுங்க."

இல்லை என்று சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

"ஆமாங்க" என்றார். குரலில் கோபமில்லை. பிறகு, "படிப்பு முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டார்.

"முடிஞ்சுதுங்க."

தலையை ஆட்டினார். கம்பைநல்லூர் பஸ் வந்ததும் ஏறிக்கொண்டார்.