வளர்பிறைக்குக் காத்திருந்த விண்ணப்பம்

சௌந்தர்யாவைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் ஒன்றைத்தான் சொல்வார்கள்: அந்தப் பெண்ணுக்கு இல்லை என்று சொல்லவே வராது. பாராட்டாகத்தான் சொல்வார்கள். ரேஷன் அட்டையில் பெயர் திருத்த வேண்டுமா, கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய வேண்டுமா, வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தி நல்லதா கெட்டதா என்று தெரிய வேண்டுமா, செல்போனை அவளிடம் நீட்டினால் போதும். கையிலிருக்கிற வேலையை வைத்துவிட்டுப் பார்த்துக் கொடுப்பாள். நல்ல குணம்தான். ஆனால் நல்ல குணம் என்று ஊர் சொல்வதில் பாதி, ஊருக்குத் தோதான குணம்.

நாமகிரிப்பேட்டையிலிருந்து உள்ளே போகும் சாலையில், மரவள்ளிக் காட்டை ஒட்டி அவர்கள் வீடு. அப்பா மயில்சாமி ரிக் வண்டியில் போர்க் கிணறு போடப் போனவர். சத்தீஸ்கர், ஒடிசா என்று சுற்றிவிட்டு ஆடிக்கும் பொங்கலுக்கும் தலைகாட்டுவார். காட்டு வருமானம் காட்டுக்கே சரியாகப் போய்விடுவதால் அம்மா கண்ணாத்தாள் பக்கத்துக் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கப் போகிறாள். கூண்டுக் கொட்டகைக்குள் கோழி எருவின் காரம் கண்ணைக் கரிக்கும், நெஞ்சை அடைக்கும். வீட்டுக்கு வந்ததும் கண்ணாத்தாள் முதலில் வேலைச் சேலையை அவிழ்த்து வெளியே கிளுவை வேலியில் போடுவாள். எவ்வளவு மழை பெய்தாலும் அந்தச் சேலை வீட்டுக்குள் வராது.

அந்தச் சேலையைப் பற்றித்தான் சௌந்தர்யா எழுதினாள்.

அரசுக் கல்லூரியில் பட்டப்படிப்பை முடித்திருந்தாள். வெளி மாநிலத்தில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி முதுகலை இருக்கிறது என்று அவளுடைய ஆசிரியை சொல்லியிருந்தார். அங்கே நுழைவுத் தேர்வு கிடையாது, நேர்காணலும் கிடையாது. பயிற்சி மையத்துக்குப் போக வழியில்லாத பிள்ளைகளும் வரட்டும் என்ற நல்லெண்ணத்தில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்களாம். மதிப்பெண்ணும், இந்தப் படிப்பு எதற்கு என்று ஒரு கட்டுரையும் மட்டும்தான். கட்டுரைக்குக் கீழே ஒரு கேள்வி இருந்தது: எழுதுவதற்குச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தினீர்களா? பயன்படுத்தியிருந்தால் குற்றமில்லை, எதற்கென்று சொல்லுங்கள் என்றும் போட்டிருந்தார்கள்.

அவளுக்கு ஆங்கிலம் படித்தால் புரியும், எழுத வராது. அதனால் கட்டுரையைத் தமிழில் எழுதினாள். கொட்டகையில் பெண்கள் முந்தானையை நனைத்து மூக்கில் கட்டிக்கொள்வது, பண்ணைக்கு வருகிற டாக்டர் கோழிக்கு என்ன வயது என்று கேட்பாரே தவிர இருமுகிறவளின் வயதைக் கேட்க மாட்டார் என்று அம்மா சொல்லிச் சிரிப்பது, வேலியில் கிடக்கும் சேலை. பிறகு செல்போனிலிருந்த ஏஐயிடம் கொடுத்து ஆங்கிலத்தில் மாற்றச் சொன்னாள். அது அம்மாவைப் பெரிய வீராங்கனை ஆக்கி ஒரு பத்தி எழுதிக் கொடுத்தது. எங்கம்மா வீராங்கனை இல்லை, அவளுக்கு அலுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான் என்று சொல்லி அந்தப் பத்தியை எடுக்க வைத்தாள். இப்படி ஒவ்வொரு வரியாக அதோடு மல்லுக்கட்டி ஒரு வாரத்தில் கட்டுரை அவளுடையதாகவே நின்றது. கேள்விக்கு நேராக ஆம் என்று குறித்து, ஆங்கிலத்துக்கு மட்டும் என்று எழுதினாள்.

அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. கண்ணாத்தாள் குறுக்கே வந்தாள்.

"இன்னும் அமாவாசை போகலையே சாமி. தேயறதுல போட்டா தேஞ்சே போயிரும். வளர்பொறை பொறக்கட்டும், வெள்ளிக்கெழம போடு."

"கம்ப்யூட்டருக்கு என்னம்மா தேய்பொறை?"

"கம்ப்யூட்டருக்கு இல்ல. உனக்கு."

கடைசித் தேதிக்கு நாள் இருந்தது. சௌந்தர்யா சிரித்துக்கொண்டே சரி என்றாள். சிரித்தாளே தவிர உள்ளுக்குள் அவளுக்கும் கொஞ்சம் பயம்தான். நிலம் கிரயம் செய்வதிலிருந்து போர் போடுவது வரைக்கும் வளர்பிறை பார்க்கிற வீட்டில் பிறந்துவிட்டு, வாழ்க்கையே அடங்கிய ஒரு பொத்தானைத் தேய்பிறையில் அழுத்த யாருக்குத்தான் மனம் வரும்.

அந்த இடைவெளியில்தான் மாமன் போன் செய்தார். கண்ணாத்தாளின் அண்ணன் அன்பரசு. பனமரத்துப்பட்டியில் வீடு, சேலத்தில் லாரி உதிரிபாகக் கடை. அவருடைய மகள் யுவஸ்ரீக்கும் சௌந்தர்யாவுக்கும் ஒரே வயது.

"யுவாவும் அங்கதான் போடறேங்கறா சாமி. நீ எழுதுனதை மாதிரிக்கு ஒருக்கா அனுப்பி உடு. அவளுக்கு எப்படி ஆரம்பிக்கறதுன்னே தெரியலையாம்."

போனை வைத்ததும் சௌந்தர்யா அம்மாவிடம் சொன்னாள். "ஒரே எடத்துக்குப் போடறோம்மா. நான் எழுதுனதை எப்படிக் குடுக்கறது?"

"மாமன் வாயைத் தொறந்து கேட்டிருக்காங்க. எங்கண்ணன் எங்கிட்ட எதுக்குமே கேட்டதில்ல. ஒரு காகிதத்துக்குப் போயி இல்லைன்னு சொல்லறதா?"

இல்லை என்று சொல்லவே வராத பெண் வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். நல்லா இருக்கு சௌந்தி என்று யுவஸ்ரீயிடமிருந்து பதில் வந்தது. அமாவாசை போய், வெள்ளிக்கிழமை விடிந்து, குளித்து, திருநீறு பூசி, அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, சௌந்தர்யா விண்ணப்பத்தை அனுப்பினாள்.

பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது ஒரு வியாழக்கிழமை மத்தியானம். அதை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். உங்கள் கட்டுரையின் பெரும்பகுதி எங்களுக்கு முன்னதாகவே வந்துசேர்ந்த வேறொரு கட்டுரையோடு ஒத்துப்போகிறது. செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தியதை நீங்களே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். பிறர் எழுதியதை அதனிடம் கொடுத்து மாற்றி எழுதினீர்கள் என்று கருத இடமிருக்கிறது. திங்கட்கிழமைக்குள் விளக்கம் தரவும். ஒத்துப்போன வரிகளைக் கீழே கொடுத்திருந்தார்கள். அந்த வரிகளில் முந்தானை இருந்தது, டாக்டர் இருந்தார், வேலியில் சேலை கிடந்தது. அம்மா மட்டும் இல்லை. அம்மா இருந்த இடத்திலெல்லாம் என் அத்தை என்று இருந்தது.

உடனே யுவஸ்ரீக்குப் போன் செய்தாள்.

"நீ எப்படி எழுதுன யுவா?"

"நீ அனுப்புனதை ஏஐல போட்டு எனக்கு ஏத்தாப்புல மாத்திக் குடுன்னு கேட்டேன். சும்மா மாதிரிக்குத்தான். அது குடுத்தது அவ்வளவு நல்லா இருந்துச்சு. அம்மாங்கறதை அத்தைன்னு ஆக்கிருச்சு. பொய்யில்லையே சௌந்தி, அத்தை எனக்கு அத்தைதானே."

"எப்ப அனுப்புன?"

"அன்னைக்கே. நீ முன்னாடியே அனுப்பிருப்பேன்னு நெனச்சேன்."

"ஏஐ யூஸ் பண்ணுனயான்னு கேட்டதுக்கு?"

"இல்லைன்னு போட்டேன். ஆமான்னு போட்டா எடுத்துக்கூடப் பாக்க மாட்டாங்கன்னு சீனியர் சொன்னாங்க."

சௌந்தர்யா கடிதத்தைப் படித்துக் காட்டினாள். யுவஸ்ரீ அழுதுகொண்டே பேசினாள். "தெரியாமப் பண்ணிட்டேன் சௌந்தி. எங்கப்பா சாதகத்தை எடுத்து வெச்சுட்டாரு. இந்தச் சீட்டு வரும் வரும்னுதான் தள்ளிட்டு வாரேன். இது போச்சுன்னா அடுத்த மாசமே நிச்சயம் பண்ணிருவாரு."

யுவஸ்ரீ கெட்டவள் என்றிருந்தால் இந்தக் கதை எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். அவள் கெட்டவள் இல்லை. சோம்பேறி, கொஞ்சம் பயந்தாங்கொள்ளி. நம்மில் பல பேர் அப்படித்தான்.

சௌந்தர்யாவின் செல்போனில் எல்லாம் இருந்தது. யுவஸ்ரீக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி தேதியோடு இருந்தது. ஏஐயோடு அவள் மல்லுக்கட்டிய ஒரு வாரமும், வீராங்கனைப் பத்தியும், அதை எடுக்கச் சொன்னதும் அப்படியே இருந்தன. அதையெல்லாம் படம் பிடித்து அனுப்பினால் முடிந்தது. யார் பெயரையும் சொல்லக்கூட வேண்டியதில்லை. அவளுடையது அசல் என்று ஆகிவிட்டால் மற்றது தானாகவே திருட்டாகிவிடும். அங்கேதான் சிக்கல்.

வெள்ளிக்கிழமை பண்ணையிலிருந்து வந்த கண்ணாத்தாள் சேலையை வேலியில் போட்டுவிட்டு, முகம் கழுவி, அடுப்படியில் வந்து உட்கார்ந்தாள். மகள் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டாள். கண் எப்போதும் போலச் சிவந்திருந்தது.

"பேசாம இருன்னு சொல்ல எனக்கு மொகமில்ல சாமி. குடுக்கச் சொன்னதும் நாந்தான். வளர்பொறைன்னு நிறுத்தி வெச்சதும் நாந்தான்."

"அப்ப அனுப்பட்டுமாம்மா?"

கண்ணாத்தாள் வேறு எதையோ பேசுகிறவளைப் போலச் சொன்னாள். "உங்கொப்பன் ரிக்குல கால் ஒடிஞ்சு கெடந்தப்ப, வண்டி எடுத்துக்கிட்டு அம்புட்டுத் தூரம் போயிக் கூட்டியாந்தது எங்கண்ணன். அப்பனாத்தா போனப்பறம் எனக்குப் பொறந்த ஊடுன்னு இருக்கறது அது ஒண்ணுதான். நீ நெசத்தைச் சொல்லு. உனக்கு அந்த உரிமை இருக்குது. ஆனா அதுக்கப்பறம் அந்த ஊட்டு வாசல்ல நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிக்கறதுன்னுதான் தெரியல."

இதைவிட, அனுப்பாதே என்று அதட்டியிருக்கலாம். அதட்டியிருந்தால் சௌந்தர்யா எதிர்த்துப் பேசியிருப்பாள்.

சனியும் ஞாயிறும் அவளுக்கு எல்லார் மேலும் கோபமாக வந்தது. அம்மா மேல், யுவஸ்ரீ மேல், அமாவாசை மேல். எல்லாவற்றையும்விட அந்தப் பல்கலைக்கழகத்தின் மேல். உண்மையைச் சொன்னால் குற்றமில்லை என்றவர்கள் உண்மையைச் சொன்னதையே குற்றச்சாட்டில் சேர்த்துவிட்டார்கள். இல்லை என்று குறித்தவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கொட்டகையைப் பற்றி இரண்டு பேரிடமும் தனித்தனியாக ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதுமே, எது யாருடையது என்று தெரிந்திருக்குமே என்று நினைத்தாள். யுவஸ்ரீக்கு எரு வாடையே ஆகாது. அத்தை வீட்டுக்கு வந்தால் வேலியைத் தாண்டி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

அப்பாவுக்குப் போன் செய்தாள். பின்னால் ரிக் ஓடும் இரைச்சலில் அவருக்குப் பாதிதான் கேட்டது. "நீ படிச்ச புள்ள சாமி, உனக்குத் தெரியாததா. நல்லதாப் பாத்துச் செய்யி" என்றார்.

திங்கட்கிழமை காலையில் படங்களையெல்லாம் வரிசையாக இணைத்துப் பதில் எழுதி வைத்தாள். அனுப்பவில்லை. மத்தியானம் மறுபடி எடுத்துப் பார்த்தாள். பனமரத்துப்பட்டி வீட்டு வாசலில் அம்மா நிற்பதும், உள்ளேயிருந்து யாரும் வா என்று சொல்லாததும்தான் கண்ணுக்குள் வந்தது. சாயங்காலம், அம்மா வேலையிலிருந்து வருவதற்குக் கொஞ்சம் முன்னால், படங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு ஒரே ஒரு வரியை எழுதி அனுப்பினாள். என்னிடம் விளக்கம் எதுவும் இல்லை.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. நேர்மைக் குறைவுக்காக இனி எப்போதும் அங்கே விண்ணப்பிக்க முடியாது என்றும் கடிதத்தில் இருந்தது. யுவஸ்ரீக்கு இடம் கிடைத்தது. அன்பரசு இனிப்புப் பெட்டியோடு தங்கை வீட்டுக்கு வந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

"உனக்கு வரலையா சாமி? உட்றா, வர்ற வருசம் பாத்துக்கலாம். உன்ற மாதிரியப் பாத்துத்தான் யுவா எழுதுனாளாமா. உனக்கு நல்ல மனசு."

"ஆமாங்க மாமா" என்றாள் சௌந்தர்யா. கண்ணாத்தாள் இனிப்பை வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். அதை யாரும் எடுத்துச் சாப்பிடவில்லை.

வேறு கல்லூரிகளுக்கெல்லாம் தேதி முடிந்திருந்தது. சும்மா இருக்கிற நேரத்துக்கு என்று சொல்லி அம்மாவோடு பண்ணைக்குப் போக ஆரம்பித்தாள். படித்த பெண் என்று முட்டை அட்டைகளைச் சரிபார்க்கும் வேலையைக் கொடுத்தார்கள். அதுவும் கொட்டகைக்குள்தான். ஊரில் யாருக்காவது செல்போனில் ஏதாவது ஆக வேண்டுமென்றால் இப்போதும் அவளிடம்தான் வருகிறார்கள். பார்த்துக் கொடுக்கிறாள், சிரிப்பதில்லை. அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

தை மாதம் யுவஸ்ரீ வந்தாள். கோழிப்பண்ணைப் பெண்களைப் பற்றிக் கள ஆய்வு செய்ய வேண்டுமாம். அந்தக் கட்டுரையை ஆசிரியர்கள் மறக்கவில்லை, உன் அத்தையிடமிருந்தே ஆரம்பி என்று சொல்லியிருந்தார்கள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள். எத்தனை வருஷமாக வேலை, எத்தனை நாளாக இருமல் என்று கேட்கக் கேட்கக் கண்ணாத்தாள் மரியாதையாகப் பதில் சொன்னாள். சௌந்தர்யா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"இந்த ஊட்டுல மேல்படிப்புக்குப் போகாம நின்னவங்க..." யுவஸ்ரீ பாதியில் நிறுத்தினாள். விரல் திரையின் மேலேயே நின்றது. கண்ணாத்தாள் தரையைப் பார்த்தாள்.

"ஒருத்தர்னு போட்டுக்கோ" என்றாள் சௌந்தர்யா. "காரணம் என்னென்ன இருக்குது?"

"வறுமை. கல்யாணம். தூரம். விருப்பமில்லை." யுவஸ்ரீயின் குரல் உள்ளே போய்விட்டது.

"விருப்பமில்லைன்னு போடு."

யுவஸ்ரீ குறித்துக்கொண்டாள். பிறகு யுவஸ்ரீ எழுந்து, யாரையும் பார்க்காமல், வேலியைக் காட்டினாள். "சார் ஒரு போட்டோ கேட்டிருக்காரு. அந்தச் சேலை. எடுத்துக்கட்டுமா அத்தை?"

கிளுவை வேலியில் கண்ணாத்தாளின் வேலைச் சேலை கிடந்தது. அதற்குப் பக்கத்தில் சௌந்தர்யாவின் வேலைச் சுடிதார் கிடந்தது. யுவஸ்ரீ டேப்லெட்டைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

சௌந்தர்யா எழுந்து போய்த் தன்னுடையதை மட்டும் எடுத்துச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு நகர்ந்து நின்றாள்.

"இப்ப எடு" என்றாள்.