சங்கக்கடை வரிசையில் ஒரு தாள்

“24.11.1978, வெள்ளி. வீட்டுக்குக் கூரை இல்லை. புத்தகங்கள் எல்லாம் நனைந்துவிட்டன. உயிருக்குச் சேதமில்லை, அல்லாஹ்வின் காவலில் எல்லோரும் ஹயாத்தோடு இருக்கிறோம்.”

என் பழைய நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. முதல்நாள் எங்கள் கிழக்கிலங்கைக் கரையை அடித்துப்போட்ட சூறாவளியைப் பற்றி அதன்பிறகு கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்துவிட்டேன். நான் சொல்லவந்தது புயலைப் பற்றி அல்ல. அதற்குப் பிந்திய மாதங்களில், கல்முனைக்குடியில், என் தங்கச்சிமீது எனக்கு வந்த பொறாமையைப் பற்றி.

தங்கச்சி என்றால் சாச்சியின், அதாவது உம்மாவின் தங்கையின், மகள். அவளுக்கு நான் ராத்தா, அக்கா. உம்மாவுக்கும் சாச்சிக்கும் ஒரே வளவில் பக்கத்துப் பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக் கூரையும் போனபிறகு, விழுந்துகிடந்த தென்னைகளின் ஓலையைப் பின்னி, சமைக்கிற குசினியின் மிஞ்சிய சுவரோடு சேர்த்து ஒரு கொட்டில் போட்டோம். இரண்டு குடும்பமும் அதற்குள்தான். நானும் அவளும் ஒரு பாயில்.

இருவரும் முந்திய அரசாங்கப் பரீட்சையில் கணக்கில் தவறியவர்கள். (அந்த ஆண்டுகளில் அரசாங்கம் சோதனையின் பெயரை மாற்றிக்கொண்டே இருந்தது, ஆகவே வெறுமனே ‘சோதனை’ என்றே எழுதுகிறேன்.) கணக்கில் சித்தியடைந்தால் ஆசிரியர் வேலைக்கு மனுப் போடலாம். இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை வாப்பா ஓலை பின்னிக்கொண்டே சொல்லிவிட்டார்.

“இந்தமுறையும் கோட்ட விட்டா சோதினயும் வேணா, பள்ளிக்கூடமும் வேணா. வீட்டுக்கு ஓட்டப் போட்டு மாப்பிள்ள பாக்குறதான்.”

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே ஓடு போட்ட வீடு என்றால் கல்யாணம் என்று அர்த்தம். அந்த வீட்டுச் சுவரை நிமிர்ந்து பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

கணக்குப் புத்தகம் எங்கள் இருவருக்கும் ஒன்றே ஒன்று, அது என்னுடையது. மழையில் ஊறித் தையல் விட்டுத் தாள்தாளாக வந்துவிட்டது. இனி அது உதவாது என்று வேலியோரம் போட்டுவிட்டு, கொழும்பிலிருந்து மாமா புதுப் புத்தகம் அனுப்பும்வரை காத்திருந்தேன். சும்மா காத்திருக்கவில்லை. விடிகாலைச் சுபஹிலிருந்து இரவு இஷாவரை நேரத்தைப் பிரித்து, சிவப்பும் நீலமுமாகக் கோடு போட்டு, ஒரு நேரசூசி தயாரித்தேன். அதைக் கொட்டில் சுவரில் ஒட்டினேன். அயல்வீட்டார் வந்து பார்த்து மெச்சிவிட்டுப் போனார்கள்.

அந்த நேரசூசியைக் காப்பாற்றுவதற்காக, வெளிவேலை எல்லாவற்றையும் தங்கச்சியின் தலையில் கட்டினேன். எங்கள் கிணற்றுக்குள் தென்னை விழுந்துகிடந்ததால் பக்கத்துத் தெருவில் போய் முறைக்கு நின்று தண்ணீர் எடுக்கவேண்டும். கூப்பனுக்குப் பங்கீடு கொடுக்கும் சங்கக்கடையில் அரிசிக்கும் மாவுக்கும் காலையில் போய் நின்றால் மதியம் லுஹர் பாங்கு சொன்ன பிறகுதான் முறை வரும். இரண்டுக்கும் அவள்தான் போனாள். ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. பாவம், இவளுக்குப் படிக்க நேரமே இல்லையே என்று நான் மனதுக்குள் கொஞ்சம் சந்தோசப்பட்டதும் உண்டு.

பள்ளிக்கூடம் மறுபடி தொடங்கி, கணக்கு வாத்தியார் ஒரு சின்னச் சோதனை வைத்தார். வகுப்பில் அவள் முதலாவது. நான் கடைசி வாங்கில் உட்காரும் ஆட்களோடு.

அன்று தொடங்கியது. யாராவது இரகசியமாகச் சொல்லிக்கொடுக்கிறார்களா? வாத்தியாருக்கு இவளில் ஏதும் பட்சமா? அவள் புத்தகம் தொட்டு நான் கண்டதில்லை. சோறு சாப்பிடும்போது பார்த்தேன், தலை வாரும்போது பார்த்தேன். கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. சாச்சி அவளைப் பார்த்துச் சிரித்தால்கூட எனக்கு எரிந்தது. அந்த நாட்களின் குறிப்புகளில் ‘இன்று படிக்க மனமில்லை’ என்றே திரும்பத்திரும்ப எழுதியிருக்கிறேன். உண்மையில் மனம் முழுவதும் அவள்தான் இருந்தாள்.

ஒருநாள் அவள் கூப்பனை மறந்துவிட்டுச் சங்கக்கடைக்குப் போய்விட்டாள். உம்மா அதை என் கையில் தந்து துரத்தினார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கோபத்தோடு போனேன்.

வரிசை சந்தியைத் தாண்டி நின்றது. நடுவில் இவள் மணலில் குந்திக்கொண்டிருந்தாள். மடியில் ஒரு தாள். கையில் தென்னை ஈர்க்கில். மணலில் கணக்குப் போடுகிறாள், கையால் அழிக்கிறாள், திரும்பவும் போடுகிறாள். மடியில் இருந்தது என்னுடைய தாள்! நான் வேலியோரம் போட்டதை ஒவ்வொன்றாகக் காயவைத்து எடுத்திருக்கிறாள்.

பின்னால் நின்ற ஒரு கிழவி என்னைக் கண்டதும், “இவட ராத்தாவா நீ? இஞ்ச பாரு மனே, இவள் தெனமும் வந்து செய்த்தானுக்குக் கோலம் போடுறாள்” என்றார்.

“கோலமில்லகா, கணக்கு” என்றாள் முன்னால் நின்ற பெண். “தள்ளுறவங்க அந்தக் கணக்க மிதிக்காமத் தள்ளுங்க. நேத்து ஒருத்தி மிதிச்சிப் போட்டு, புள்ள முதல்ல இருந்து போட்ட.”

எல்லோரும் சிரித்தார்கள். தங்கச்சியும் சிரித்தாள். நான் கூப்பனை அவள் மடியில் எறியாத குறையாகக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். வழியெல்லாம் ஒரே எரிச்சல். புத்தகம் என்னுடையது. அந்த நேரத்தையும் நான்தான் தூக்கிக் கொடுத்திருக்கிறேன். சிவப்பு நீலக் கோட்டுக்கு முன்னால் நான் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தபோது, நான் வேண்டாம் என்று தள்ளியதில் அவள் படித்திருக்கிறாள்.

மறுநாள் விடிந்ததும், “இண்டைக்குச் சங்கக்கடைக்கு நான் போறன்” என்றேன்.

உம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நேத்துவரைக்கும் போகச் சொன்னா வயித்துவலி. இண்டைக்கு என்ன, கியூவுல கலியாண வீடா?”

“அவள்தான் ஒவ்வொரு நாளும் போகணுமா?”

“நான் போறன் ராத்தா, நீங்க படிங்க” என்றாள் தங்கச்சி. அந்தச் சொல்தான் என்னை இன்னும் மூட்டிவிட்டது. கூப்பனுக்கு இருவரும் இழுபறிப்பட்டோம். அரிசி வரிசையில் நிற்பதற்கு இரண்டு குமர்ப்பிள்ளைகள் அடிபட்டதை அந்த வளவு அதற்கு முன் கண்டதில்லை. கடைசியில் வாப்பா முறை போட்டுக் கொடுத்தார்: தண்ணீருக்கும் அரிசிக்கும் ஒருநாள் அவள், ஒருநாள் நான்.

முதல்நாள் ஒரு பிடி தாளை அள்ளிக்கொண்டு போனேன். ஒன்றைப் பார்த்தேன், கடினமாக இருந்தது. அடுத்ததை எடுத்தேன், அதுவும் அப்படி. பிறகு அந்தக் கிழவியோடு கதையில் விழுந்துவிட்டேன். என் முறை தவறிப்போனது. கடைசியில் மிஞ்சிய, வண்டு மொய்த்த மாவோடு வீட்டுக்கு வந்தேன். சாச்சி அரித்து அரித்து அலுத்துப்போனார்.

வெட்கத்தை விட்டு அவளிடம் கேட்டேன். “நீ எப்பிடிப் படிக்கிற?”

“போகக்குள்ள ஒரு தாள மட்டும் எடுங்க ராத்தா. வரக்குள்ள அது முடிஞ்சிருக்கணும்.”

“முடியாட்டி?”

“நாளைக்கும் அதே தாள்தான். வேற தாள் கையில இருந்தா மனசு அங்க ஓடிரும்.”

இவ்வளவுதானா என்று இன்னும் பொறாமையாக இருந்தது. ஆனாலும் செய்தேன். ஒரு தாள், ஒரு ஈர்க்கில். கிழவியின் கதைக்குக் காதை மட்டும் கொடுத்தேன். முதலில் ஒரே தாள் நாட்கணக்காக இழுபட்டது. பிறகு கிணற்றடியில் ஒன்று, சங்கக்கடையில் ஒன்று என்று முடியத் தொடங்கியது. நேரசூசியில் ஒருநாள் மழை ஒழுகிச் சாயம் கரைந்தது. நான் அதைத் திரும்ப எழுதவில்லை. மாமாவின் புதுப் புத்தகம் வந்தபோது அதைச் சாச்சி குசினி இறாக்கைத் தட்டில் வைத்தார். இருவரும் பழைய தாள்களோடுதான் இருந்தோம்.

சோதனை நெருங்கிய கிழமைகளில் தங்கச்சி கன்னத்தைப் பொத்திக்கொண்டு, “எனக்குப் பல்லு வலி, கியூவுல நிக்க ஏலா, நீங்களே போங்க” என்றாள். அவளுடைய முறையும் எனக்குக் கிடைத்தது. இந்தமுறை இவளைப் பிடித்துவிடலாம் என்று உற்சாகமாகப் போனேன்.

பிடிக்க முடியவில்லை. இருவரும் சித்தி, அவளுக்குத் திறமைச் சித்தி, எனக்குச் சாதாரண சித்தி. அவளுக்கு முதலில் நியமனம் வந்து, பாலமுனைப் பக்கம் பஸ் ஏறிப் போனபோது, வேலிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். என் நியமனம் பிந்தித்தான் வந்தது. ஓடு போட்ட வீட்டுக்கு மாப்பிள்ளை அதற்கும் பிறகுதான் வந்தார். பிந்திய நாட்களில் யுத்தத்தால் வீதியில் போகமுடியாமல் கதவடைத்திருந்த காலங்களிலும், ஒரு தாளைக் கையில் எடுத்துத்தான் நாட்களைக் கடத்தினேன். இதை எழுதக் கற்றுக்கொண்டதும் அப்படித்தான்.

ஒரு விசயம் மட்டும் பாக்கி. போன நோன்புப் பெருநாளைக்கு அவளைக் கண்டபோது, அந்தப் பல்வலி மெய்தானா என்று கேட்டேன். “எந்தப் பல்லு எண்டு இப்ப எப்பிடிச் சொல்லுற ராத்தா? அதெல்லாம் விழுந்து எவ்வளவு காலம்!” என்று சிரித்துவிட்டு வட்டிலப்பத் தட்டை என் பக்கம் தள்ளினாள். சாச்சி மௌத்தாகி மண்ணுக்குப் போய்விட்டார், கேட்க வேறு ஆளில்லை, அந்தக் கிழமைகளின் என் குறிப்பில் பல்லைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆகவே அந்தப் பல்வலி இன்னும் உறுதிப்படுத்தப்படாத தகவல் என்றே இங்கே பதிகிறேன். அது பொய்யாக இருந்தால், விட்டுக்கொடுப்பதிலும் அவள் என்னை முந்திவிட்டாள் என்று நான் இன்னொருமுறை பொறாமைப்பட வேண்டியிருக்கும்.