லிஃப்ட்காரரின் நான்காவது வகுப்பு

இருபத்தேழு, இருபத்தெட்டு வரை லிஃப்ட்காரர் ஒழுங்காக எண்ணுவார். அதற்கு மேல் எண்ணிக்கை கையை விட்டுப் போய்விடும். ரப்பர் பொம்மையின் மார்பிலிருந்து இரண்டு விரல்களை எடுத்து, "சாரி பாப்பா" என்று அதனிடம் மன்னிப்புக் கேட்டு, மறுபடி ஒன்றிலிருந்து அழுத்தத் தொடங்குவார்.

"கணக்கு தப்பினா தப்பட்டும் தம்பி, கை நிக்கக் கூடாது," என்பார் வகுப்பெடுக்கும் நர்ஸ். "நிஜக் குழந்தை உங்க கணக்குக்காகக் காத்துக்கிட்டு இருக்காது."

மூச்சு நின்ற குழந்தைக்கு என்ன செய்ய வேண்டும் என்று பெற்றோருக்குச் சொல்லித்தரும் இந்த வகுப்பு, நூலகத்து மாடியில் மாதம் ஒரு சனிக்கிழமை நடக்கிறது. எல்லோரும் ஒரு தடவை வந்து சான்றிதழோடு போய்விடுவார்கள். இவருக்கு இது நான்காவது தடவை. "நான் இங்க பெர்மனென்ட் ஸ்டாஃப் சார். பொம்மைக்கே என் முகம் அலுத்துப் போச்சு."

லிஃப்ட் பழுது பார்ப்பது தொழில். சட்டைக் கைமடிப்பில் எப்போதும் ஒரு கிரீஸ் கோடு. நகங்கள் மட்டும் ஒட்ட வெட்டியிருக்கும். நடுவழியில் நின்ற லிஃப்டுக்குள் யாராவது அலறினால், கதவு இடுக்கில் வாயை வைத்து, "பதறாதீங்க, நான் வெளியிலதான் இருக்கேன். இன்னைக்கு வீட்டுல என்ன சமையல்?" என்று பேச்சுக் கொடுப்பதில் மன்னன். அப்பேர்ப்பட்டவர் தானே பதறிய கதையைக் கேட்காதவர்களிடமும் சொல்வார்.

மகளுக்கு அப்போது பத்து மாதம். ஆப்பிள் துண்டு தொண்டையில் சிக்கி முகம் நீலம் பாரித்துவிட்டது. "ஆம்புலன்சுக்குப் போன் பண்றேன்னு எங்க கம்பெனி புகார் நம்பருக்கே போட்டுட்டேன் சார். அந்தப் பொண்ணு, 'எந்த மாடியில நிக்குது'ன்னு கேக்குது. நானும் 'மூணாவது மாடி'ன்னு பொறுப்பா பதில் சொல்றேன்."

அதற்குள் அவர் மனைவி குழந்தையை முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தலையைத் தாழ்த்தி, முதுகில் ஐந்து தட்டுத் தட்டித் துண்டை வெளியே எடுத்துவிட்டார். அதற்கு முந்தின மாதம்தான் இந்த வகுப்புக்கு வந்திருந்தாராம். "அவ கூப்பிட்டப்ப, 'பிள்ளை வளக்கக்கூட டியூஷனா'ன்னு கேட்டவன் நான்." இந்த இடத்தில் மட்டும் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வரும்.

பயிற்சியில் நான் அவருக்கு ஜோடி. பத்திரிகைக்கு எழுதத்தான் வந்தேன். மற்றபடி மூன்று வயதுப் பையனின் அப்பாவாகிய எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. நான் ஊதிய காற்றில் பொம்மையின் மார்பு அசையவில்லை. என் காதுதான் அடைத்தது.

என் மனைவிக்கு அன்று வேலை. பையனையும் கூட்டி வந்திருந்தேன். இடைவேளையில் யாரோ திராட்சை கொண்டுவந்து வைத்தார்கள். பையன் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு ஓடினான். ஓடியவன் நின்றான். இருமல் இல்லை, அழுகை இல்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. நர்ஸ் கீழே போயிருந்தார். அந்த நேரத்தில் நான் செய்த ஒரே காரியம், கழன்று கிடந்த அவன் செருப்பைக் குனிந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டதுதான்.

லிஃப்ட்காரர் கையிலிருந்த தட்டை அப்படியே போட்டார். முட்டி போட்டு, பையனை முன்னால் சாய்த்து, ஒரு கையால் மார்பைத் தாங்கி, மறு உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தோள்பட்டைகளுக்கு நடுவே ஓங்கித் தட்டினார்.

"ஒண்ணு. ரெண்டு. சார், ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க. மூணு."

நான்காவது அடியில் திராட்சை முழுசாக வந்து தரையில் உருண்டது. பையன் வீறிட்டு அழுதான். அவன் அழுகையை அவ்வளவு ஆசையாக நான் கேட்டதே இல்லை.

நர்ஸ் ஓடி வந்து பார்த்துவிட்டு, எதற்கும் இன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடச் சொன்னார். யாரோ கை தட்டினார்கள். "சும்மா இருங்க, எனக்கே இன்னும் நம்பிக்கை வரல," என்றார் லிஃப்ட்காரர்.

பிறகு எனக்காக ஒரு தம்ளரில் தண்ணீர் பிடித்தார். பாதி வழியிலேயே சிந்திவிட்டது. தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மிச்சத்தை என் பக்கம் நீட்டினார்.