என் வீட்டுக்காரருக்கு மட்டும்

எங்கள் தீவுக் கரையான பாம்பூஃப்ளாட்டிலிருந்து சாத்தாமுக்குப் போகும், லாரிகளையும் ஏற்றும் படகில்தான் நான் தினமும் வேலைக்குப் போய்வருகிறேன். ஒருநாள் அந்தப் படகில் முன்பின் தெரியாத ஒருவனின் ஃபோனிலிருந்து என் அக்காவின் குரல் வந்தது. அழுதுகொண்டே பேசிய குரல். அவன் சிரித்தான். அவன் பற்கள் இன்னும் அவன் வாயிலேயே இருப்பது என் பொறுமையால்தான்.

மழையில் டவர் சாய்ந்து எங்கள் பக்கம் நெட் செத்துக் கிடந்த சமயம் அது. சென்னையிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்து படகில் ஒரு பெட்டியை மாட்டினார். வழக்கமாக நம் ஃபோன் எது வேண்டுமென்றாலும் கடல் தாண்டி எங்கோ இருக்கிற கம்ப்யூட்டரைத் தேடி ஓடுமாம். இதில் அப்படி இல்லை. பெட்டியோ, பக்கத்து சீட்டுக்காரரின் ஃபோனோ, யாரிடம் நகல் இருக்கிறதோ அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும். சீரியல் வந்தது, நியூஸ் வந்தது. எல்லாரும் வைத்திருக்கும் மெசேஜ் ஆப்பையும் இதன்மேல் ஓட்டிக் காட்டினார். பார்க்க அதே ஆப்தான்.

உள்ளே ஒன்றை மட்டும் மாற்றியிருந்தார். ஒருவருக்கென்று பூட்டி அனுப்பினால் அந்த நகல் அடுத்தவருக்கு உதவாதாம். அதனால் பூட்டைக் கழற்றிவிட்டார்; யாருக்கு அனுப்பியதையும் யார் வேண்டுமானாலும் திறக்கலாம். அதை ஆங்கிலத்தில் ஒரு தாளில் அடித்து டிக்கெட் கவுண்டரில் ஒட்டியும் வைத்தார், மகராசன்.

அக்காவின் புருஷன் ஜல்லி லாரி ஓட்டுகிறவர். அக்கரையில் கராச்சர்மாவில் வேறொருத்தியோடு குடித்தனம். லாரியோடு தினமும் இதே படகில்தான் வந்து போவார். கேபினை விட்டுக் கீழே இறங்க மாட்டார். படகு வந்து நிற்கும் ஜெட்டியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் வீட்டை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். அக்காவின் நம்பரை எப்போதோ பிளாக் செய்துவிட்டார். பெட்டி வந்ததும், பிளாக்கைத் தாண்டி அவரிடம் பேச அக்காவுக்கு ஒரு வழி கிடைத்தது போலாகிவிட்டது.

எங்கள் தீவுகளில் ஒரு பழக்கம் உண்டு. தூரத்தில் இருப்பவருக்கு ஏதாவது அனுப்ப வேண்டுமென்றால், கப்பலில் போகிறவர் யார் கையிலாவது கொடுத்துவிடுவோம். மேலே பெயர் எழுதியிருந்தால் போதும். கருவாடானாலும் கம்மலானாலும் யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். பெட்டியையும் அக்கா அப்படித்தான் நினைத்தாள். அதில் எதைப் போட்டாலும் ஒரு தலைப்பு வைக்க வேண்டும். தன் குரலைப் பதிந்து போட்டுவிட்டு, பார்சல்மேல் எழுதுகிற மாதிரி எழுதினாள்: 'என் வீட்டுக்காரருக்கு மட்டும்.'

அடப்பாவிகளா! கருவாட்டுப் பையைத் தொடாத கைகள் இதை விட்டுவைக்கவில்லை.

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேங்க. சண்டை போட மாட்டேன். தங்கக்கூட வேணாம், சோறு மட்டும் தின்னுட்டுப் போங்க. அவளையும் கூட்டிட்டு வாங்க, அவளுக்கும் சேத்துப் போடறேன்."

இவ்வளவுதான் அவள் பேசியது. ரெண்டே நாளில் படகு முழுக்க அதுதான் பேச்சு. "க்யா பாய், சோறு மட்டுமா?" என்று ஒருவனை ஒருவன் விசாரித்துக்கொண்டான். தமிழ் தெரியாத மீன்காரருக்கு ஒரு புண்ணியவான் இந்தியில் விளக்கம் சொன்னான். என்னோடு சர்ச்சில் ஒரே பெஞ்சில் உட்காருகிற பெண்மணி, "பாவம்டி உங்க அக்கா, எனக்குத் தாங்கவே இல்ல, திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்" என்றாள். அந்தக் கடலிலேயே அவளைப் பிடித்துத் தள்ளியிருப்பேன்.

அக்காவை இழுத்துக்கொண்டு ஜெட்டி அறையில் இருந்த இன்ஜினியரிடம் போனேன்.

"அதை அழிங்க சார், இப்பவே!"

"பெட்டியில அழிச்சுட்டேன் மேடம். ஆனா எல்லார் ஃபோன்லயும் இருக்கு. ஒருத்தர் ஏறினாலே பெட்டி மறுபடி எடுத்துக்கும். நிறைய பேர் விரும்புறதைத்தான் அது விடாம வச்சிருக்கும். என்னால முழுசா எடுக்க முடியாது."

"நல்லா கண்டுபிடிச்சீங்க! ஊர் வம்பை ஊர் வாயே பாத்துக்கும், அதுக்கு மெஷின் வேறயா?"

அக்கா என் கையை அழுத்தினாள். "நீ சும்மா இருடி. சார், அது அவருக்குப் போய்ச் சேரலதானே? மழையில ஏதோ கோளாறு. அதான் அவர் வரல."

இத்தனை நாளும் அவள் தலை நிமிர்ந்து நடந்தது எப்படி என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஊர் சிரித்தது அவளுக்குப் பெரிதாகவே படவில்லை.

இன்ஜினியர் அக்கா புருஷனின் நம்பரைக் கேட்டு வாங்கி, கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். அந்த ஆளுக்குப் பொய் சொல்லவும் துப்பில்லை.

"இதுல எதுவும் தானா போய்ச் சேராதுக்கா. உங்க பேரும் தலைப்பும் எல்லார் ஃபோன்லயும் தெரியும். வேணும்னு தொட்டாத்தான் குரல் இறங்கும். அவர் ஃபோன் தினமும் பெட்டி பக்கத்துல வருது. தலைப்பைத் திறந்து பாத்திருக்கார். குரலைத் தொடல."

"ஒரு தடவைகூடவா?"

இன்ஜினியர் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வெட்கம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் அவளிடம் பார்த்தேன்.

"அப்ப அதை அழிச்சுடுங்க சார்," என்றாள். "யாரும் கேக்க வேணாம்."

முடியாது என்று அவர் முதலிலேயே சொன்னது அவள் காதில் ஏறியிருக்கவில்லை. அவரும் திரும்பச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன். படகு அப்போதுதான் வந்து, ஜனம் ஃபோனும் கையுமாக இறங்கிக்கொண்டிருந்தது.