வெம்மைக்கு இன்னொரு பொருள்

மைசூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஜூடித் நர்ஸ். கணவர் லூர்துராஜ் மேல் அவளுக்குச் சந்தேகம் வந்ததே இல்லை, அவர் ஞாயிறுதோறும் பழந்தமிழ் இலக்கிய வகுப்புக்குப் போகத் தொடங்கும்வரை. பாடம் நடத்தியவர் கொள்ளேகாலிலிருந்து வரும் சௌம்யா டீச்சர். வகுப்பு முடிந்ததும் லூர்துராஜ்தான் அவரை ஸ்கூட்டரில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் விடுவார். வீட்டில் ஜூடித் சொன்னது எதுவும் நினைவில் நிற்காத மனிதருக்கு சௌம்யா சொன்னதெல்லாம் நின்றது.

ஒரு ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்ததும் அவளும் வகுப்புக்குக் கிளம்பினாள்.

"ஹௌதா, நிஜமாவா? நீயுமா?" என்றார் அவர்.

அன்றைக்குப் பேச்சு வெப்பநிலையைப் பற்றி. அந்தக் காலத்துப் புலவர்களிடம் அளக்கும் கருவி ஏது? பாலைவழியின் சூடு, சுனைநீரின் குளிர்ச்சி, பிரிந்திருப்பவளின் அனல்மூச்சு என்று உடம்பில் பட்டதைத்தான் சொன்னார்கள் என்றார் சௌம்யா.

"வெம்மைன்னா சூடு மட்டும் இல்லீங்க. அப்ப அதுக்கு இன்னொரு அர்த்தமும் இருந்துச்சு..."

"ஆசை," என்று முடித்தார் லூர்துராஜ்.

சௌம்யா சிரித்துத் தலையாட்டினார். ஜூடித்துக்குக் காது எரிந்தது.

சௌம்யா அவள் பக்கம் திரும்பினார். "நீங்க நர்ஸுங்களே. டெம்பரேச்சர்னா உங்களுக்கு என்னங்க தோணும்?"

"ஏறினா மாத்திரை குடுப்போம். ஸ்கூட்டர்ல ஏத்திக்கிட்டுச் சுத்த மாட்டோம்."

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. அன்று சௌம்யா ஆட்டோவில் போனார்.

வீட்டுக்கு வந்ததும் லூர்துராஜ் கேட்டார். "எதுக்கு அப்படிப் பேசின? எங்களுக்குள்ள என்ன இருக்குன்னு நெனச்ச?"

"ஒண்ணும் இல்லன்னு தெரியும். ஆசைன்னு சொன்னப்ப ஒரு தடவையாவது என் பக்கம் திரும்பினீங்களா?"

ஸ்கூட்டர் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, "நீ வந்திருக்கிறதே அப்ப மறந்துபோச்சு" என்றார். இதற்கு ஒரு பொய்யே சொல்லியிருக்கலாமே என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் சௌம்யாவுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டாள்.

"பரவால்லீங்க. ஆனா இனிமே நான் ஆட்டோவுலயே போயிக்கிறேனுங்க. நீங்க வகுப்புக்கு வாங்க."

போனாள். இப்போது முன்வரிசையில் கணவருக்குப் பக்கத்தில் உட்காருகிறாள். பாட்டுகள் பிடித்துப்போய்விட்டன, பொருளும் அவரைவிட வேகமாகப் பிடிபடுகிறது. ஆனாலும் சௌம்யா ஒரு கேள்வி கேட்டதும், விடையை யோசிப்பதற்கு முன்னால், கணவர் யார் முகத்தைப் பார்க்கிறார் என்றுதான் ஜூடித் கவனிக்கிறாள்.