எழில் படித்த வெள்ளைக்காரப் பாடம்

செங்கம் ரோட்டு விடுதி ஒன்றில் அறை பெருக்கி, படுக்கை விரிப்பு துவைப்பதுதான் அன்புச்செல்விக்கு வேலை. அங்கே தங்கும் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போகும் எதையும் அவள் தொட்டதில்லை. இரண்டாயிரத்து மூன்றாம் வருடம் மாசி மாதம், அறையைக் காலி செய்த ஒரு வெள்ளைக்காரி தன் மகனுடைய கேம் பெட்டியை அவள் கையில் வைத்து அழுத்தினாள். அன்றைக்கு மட்டும் வாங்கிக்கொண்டாள்.

உள்ளங்கையில் அடங்கும் நீலப் பெட்டி. சின்னத் திரையில் பூனை வரும், நாய் வரும். பொத்தானை அழுத்தினால் ஒரு பெண்குரல் பெயர் சொல்லும். எழுத்தையும் சொல்லும். சரியான பொத்தானைத் தொட்டால் மணியடித்துப் பாராட்டும்.

தன் மகள் எழில் இன்னொருத்தர் அறையைப் பெருக்கக் கூடாது. அதற்கு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் ஒரு இடம் கிடைக்க வேண்டும். அன்புச்செல்வியின் உயிர் அந்த ஒரு ஆசையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. இடம் வேண்டுமென்றால் நேர்முகத்தில் குழந்தை எழுத்து சொல்ல வேண்டும், படம் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும்.

எழில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடமிருந்து ஏ, பி, சி கற்றிருந்தாள். பெட்டியோ 'ஆ, பே, ஸே' என்றது. அன்புச்செல்விக்கு ஒரு கணம் திகைப்பு. பிறகு தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். "நம்மூரு வாத்தியாருங்க சொல்றது நாட்டு இங்கிலீஷ். வெள்ளைக்காரி வாயால வர்றதுதான் அசலு!"

அன்றிலிருந்து எழில் மறந்துபோய் 'ஏ' என்றால் வாயிலேயே ஓர் அடி விழுந்தது.

"இன்னாத்துக்கு கொழந்தைய அடிக்கிற?" என்பான் அவள் கணவன் தசரதன். ஆட்டோ ஓட்டுகிறவன். மீசைக்குள் சிரித்துக்கொண்டே வண்டியைத் துடைக்கப் போய்விடுவான்.

நேர்முக நாளும் வந்தது. தலைமையாசிரியை பூனைப் படத்தைக் காட்டினார்.

"ஷா!" என்றாள் எழில்.

நாய்க்கு, "ஷியான்!" முதல் எழுத்துக்கு, "ஆ!" சொல்லிவிட்டு, மணி எங்கே அடிக்கும் என்று மேசையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது அந்தப் பிஞ்சு.

"பேச்சே சரியா வரலையேம்மா. டாக்டர்கிட்ட காட்டுங்க. அடுத்த வருஷம் பாக்கலாம்," என்றார் தலைமையாசிரியை.

கேட்டுக்கு வெளியே ஆட்டோவில் சாய்ந்திருந்த தசரதன் அன்புச்செல்வியின் முகத்தைப் பார்த்ததுமே உரக்கச் சிரித்தான்.

"அது பிரெஞ்சு பாஷைடி! என் வண்டியில ஏறுற பாதிப் பேரு அதத்தான் பேசறான். மொத நாளே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமாய்யா வாய மூடிக்கினு இருந்தே?"

"கவர்மெண்டு ஸ்கூலே போதும்னு தலபாடா அடிச்சிக்கினேன், கேட்டியா? மகாராணி நீயே பட்டுத் தெரிஞ்சிக்கோன்னு விட்டுட்டேன்."

பெற்ற மகளின் வாழ்வை வைத்துப் பெண்டாட்டியை ஜெயித்திருந்தான்! அவனைத் திட்ட வாயெடுத்தாள். அந்தப் பிஞ்சு வாயில் அடித்தது தன் கை என்பது நினைவுக்கு வர, எழிலைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

ஆனி மாதம் எழிலை அவன் சொன்ன பள்ளிக்கூடத்துக்கே கூட்டிப் போனாள். வழியில் மதில்மேல் ஒரு காக்கை கத்தியது. எழில் நின்றாள்.

"அம்மா, அத காக்கான்னு சொல்லலாமா?"

கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.